சூடம் காணாத சல்லடை

சிலமலை காசிமாயன் எஞ்சினைக் காலி பண்ணிவிட்டான் என்று ஜீப்பு ஸ்டாண்டில் இன்னும் யாராவது சொன்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எனக்குத் தம்பி முறை. ஏலக்காய் பறிக்கப் போகும் பெண்களான எங்களைப் போடியிலிருந்து மலையேற்றும் டிரைவர். கொண்டை ஊசி வளைவில் ஒருநாளும் எங்களை அலறவிட்டதில்லை. அவன் பெண்டாட்டி காளீஸ்வரியும் எங்களோடு வருவாள். "நான் கூப்பிட்டா இவுகளுக்குக் காதுல விழாது. வண்டி இருமுனா மட்டும் விழுந்துரும்" என்று கேலி செய்வாள்.

வண்டி முதலாளி முத்துக்கிருஷ்ணனுக்குப் பக்தி ஜாஸ்தி. வெள்ளி தவறாமல் சக்கரங்களுக்கு எலுமிச்சம்பழம், எஞ்சினுக்குச் சூடம். பழைய ஆயிலை வடித்துவிட்டுப் புதிது ஊற்றச் சொன்னால் மட்டும் மனசு வராது. குறைந்ததை மட்டும் மேலே ஊற்றிக்கொண்டால் போதும் என்பார். அடியில் பிசுக்கு சேராமல் என்ன செய்யும்?

ஒருநாள் வண்டியில் ஆயிலுக்கான சிவப்பு விளக்கு எரிந்தது. "மொதலாளி, ஆயில் மேல ஏறல. பம்பு சல்லடை அடைச்சிருக்கும், கழட்டிப் பாத்துருவோம்" என்றான் காசிமாயன்.

அவர் அளவுக்கம்பியை உருவிப் பார்த்தார். "ஆயில் முழுசா இருக்குடா. லைட்டுதான் கோளாறு" என்று விளக்கின் வயரைப் பிடுங்கிவிட்டார். ஓட்ட முடியாதென்றால் வேறு ஆள் பார்ப்பேன் என்றும் சொன்னார்.

தொட்டி நிறைய எண்ணெய் கிடந்து என்ன பிரயோசனம்? உறிஞ்சி மேலே தள்ளுவது பம்பு. அதன் வாயிலிருக்கும் சல்லடை அடைத்துக்கொண்டால், பானை நிறையச் சோறிருந்தும் பரிமாற ஆளில்லாத பந்திதான்.

மறுநாள் மெட்டுக்குப் போகும் மலை ஏற்றத்தில் எஞ்சின் கடகடவென்று தட்டியது. காசிமாயன் உடனே அணைத்து, சக்கரத்துக்குக் கல் போட்டான். "ஆத்தா, வெரசா எறங்குங்க. இதுக்கு மேல ஓட்டுனா வளைவுல நின்னுரும்."

எங்களைக் காப்பாற்றியவனைத்தான் முதலாளி ஸ்டாண்டே கேட்கத் திட்டினார். "ஆயில் பாக்காம ஓட்டி எஞ்சினக் காலி பண்ணிட்டான்!" அதன்பிறகு குரங்கணி வரை போய்க் கேட்டும் யாரும் அவனிடம் சாவி கொடுக்கவில்லை. என்ன அநியாயம் இது!

வண்டி பழுது பார்க்கப்பட்டு வந்தது வெள்ளிக்கிழமை. முதலாளி புது டிரைவரோடும் சூடத்தட்டோடும் நின்றார். காளீஸ்வரி புருஷனையும் கூட்டிக்கொண்டு வந்தாள். மெக்கானிக்கிடம் கேட்டு வாங்கிய பழைய சல்லடையை பானெட்டின் மேல் வைத்தாள். கறுப்புப் பிசுக்கில் ஒரு கண்கூடத் திறந்திருக்கவில்லை.

"மொதல்ல இதுக்குச் சூடம் காட்டுங்க. வயரப் புடுங்குனது யாருன்னு சாமிக்கும் தெரியட்டும்."

நாங்கள் ஒருத்தியும் ஏறவில்லை. எஸ்டேட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது. கடைசியில் முத்துக்கிருஷ்ணன் முகத்தைப் பார்க்காமல் காசிமாயனிடம் சாவியை நீட்டினார்.

அவன் வாங்கவில்லை. "எம்மேல தப்பில்லேன்னு அன்னிக்குக் கத்துன அதே சத்தத்துல சொல்லுங்க."

முதலாளி முணுமுணுத்தார். "கேக்கல" என்றான். அப்புறம் ஸ்டாண்டே கேட்கச் சொன்னார்.

காசிமாயன் ஏறிச் சாவியைத் திருப்பினான். வண்டியைக் கிளப்புமுன் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு எரியவில்லை. எஞ்சினுக்கு அத்தனை செலவு செய்த முதலாளி அந்த வயரை மட்டும் அப்படியே விட்டிருந்தார்! காசிமாயன் இறங்கி, சல்லடையை எடுத்துவிட்டு பானெட்டைத் திறந்து, தொங்கிய வயரை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"நீங்களே மாட்டுங்க மொதலாளி."