நல்ல சட்டைக்கு என்ன ஒட்டுவீர்கள்?

போன வாரம் எங்கள் பள்ளி விளையாட்டு விழாவுக்குப் பனியன் வாங்கக் காதர்பேட்டைக்குப் போயிருந்தேன். மஞ்சள் அணிக்கு முப்பது, நீல அணிக்கு முப்பது. கடைக்காரர் கட்டைப் பிரித்ததுமே அந்த வாசனை வந்துவிட்டது. புதுப் பனியன் வாசனை உங்களுக்கும் தெரிந்திருக்கும். ஆனால் திருப்பூரில் வளர்ந்தவர்களுக்கு அது சாயம், இஸ்திரிச் சூடு, மிஷின் எண்ணெய், அட்டைப்பெட்டி என்று தனித்தனியாகப் பிரிந்து தெரியும். ஒரு நீலப் பனியனை விரித்தேன். கைக்குழிக்குக் கீழே, குண்டூசி நீளத்தில் ஒரு சிவப்பு ஆரோ ஸ்டிக்கர், அம்புக்குறி வடிவத்தில். எடுக்க மறந்திருக்கிறார்கள்.

"அது ஒண்ணுமில்லீங்க டீச்சர், பிச்சுப் போட்டாப் போச்சுங்க" என்றார் கடைக்காரர்.

பிய்த்துத்தான் போட்டேன். ஆனால் பஸ் ஏறி மங்கலம் வந்து இறங்கும்வரை நான் இந்த ஊரிலேயே இல்லை. இங்கிலாந்தில், மழை ஓயாத ஒரு சின்ன ஊரில், ஏழு வயதுப் பிள்ளைகள் இருபத்தாறு பேர் முன்னால் கைகட்டி நின்றுகொண்டிருந்தேன்.

அந்த ஸ்டிக்கரைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். பனியன் கம்பெனியில் தைத்து முடிந்த துணி செக்கிங் டேபிளுக்கு வரும். அங்கே வரிசையாகப் பெண்கள் நின்று ஒவ்வொன்றையும் விரித்து, புரட்டி, கையால் தடவிப் பார்ப்பார்கள். தையல் விட்டிருந்தால், ஓட்டை இருந்தால், எண்ணெய்க் கறை இருந்தால் அந்த இடத்தைக் காட்டி ஒரு சிவப்பு ஆரோவை ஒட்டுவார்கள். துணி தைத்தவரிடமே திரும்பிப் போகும். அவ்வளவுதான். நான் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து விடுமுறையெல்லாம் அந்த டேபிளில்தான் நின்றேன். எங்கள் செக்கிங் சூப்பர்வைசர் ருக்குமணியக்காவுக்கு என் கண்மீது அபார நம்பிக்கை.

"நல்லாருக்கறத பையர் பாத்துக்குவாருங் கண்ணு. நம்ம சோலி கோளாறப் புடிக்கறது" என்பார். பையர் என்றால் துணியை வாங்கும் வெளிநாட்டுக் கம்பெனிக்காரர்.

நானும் பிடித்தேன். சொன்னால் சிரிப்பீர்கள், பஸ்ஸில் முன்னால் நிற்பவரின் முதுகுத் தையல் கோணலாக இருந்தால் எனக்கு இறங்கும் இடம் மறந்துவிடும். இதில் ஒரு சங்கடம் என்னவென்றால், என் அம்மா அதே கம்பெனியில் ஓரம் தைக்கும் ஓவர்லாக் டெய்லர். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்க வந்தவள். ஒவ்வொரு துணிக்கட்டிலும் தைத்தவரின் நம்பர் இருக்கும். அம்மாவின் நம்பர் பதினேழு. பதினேழாம் நம்பர் கட்டு என் கைக்கு வந்தால் மற்றவர்களுக்குச் சந்தேகம் வரக்கூடாதே என்று இரண்டு மடங்கு உற்றுப் பார்ப்பேன். சாயங்காலம் வீட்டில் வெங்காயம் நறுக்கிக்கொண்டே அம்மா ஆரம்பிப்பாள்.

"ஏட்டி, பெத்த தாய்க்கே அம்பு விடுதியே, ஒனக்குக் கை கூசலியா?"

நான் பெருமையாகச் சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் எனக்கே என்னை ஓர் அறை விடலாம் போலிருக்கும்.

இரண்டாயிரங்களின் நடுவில் பி.எட். சேர்ந்தேன். எங்கள் கல்லூரிக்கும் இங்கிலாந்தில் ஓர் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரிக்கும் ஏதோ உடன்பாடு. வருடத்துக்கு ஒருவர் இங்கிருந்து போய் எட்டு வாரம் அங்கே ஒரு பள்ளியில் கற்பித்தல் பயிற்சி எடுக்கலாம். என்னைத் தேர்ந்தெடுத்தார்கள் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். உண்மையில் தேர்வான பெண்ணுக்குத் திடீரென்று கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. அடுத்தவளுக்கு அம்மை. முதல்வர் வகுப்புக்கே வந்து, "யாருங்கம்மிணி, இங்க பாஸ்போர்ட் வச்சிருக்கறது?" என்று கேட்டார். நான் ஒருத்திதான் கையைத் தூக்கினேன். மொரீசியஸில் தையல் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று யாரோ சொன்னதை நம்பி அம்மா எனக்கு எடுத்து வைத்திருந்த பாஸ்போர்ட் அது.

முதல்வர் ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னார். அங்கிருந்து வரும் அறிக்கைதான் என் செய்முறைத் தேர்வு மதிப்பெண். அதில் தேறாவிட்டால் வருடம் போச்சு. அம்மா அதை இன்னும் தெளிவாகச் சொன்னாள்: "பெயிலாயிட்டு வந்தேன்னா திரும்ப டேபிளுதான். இன்னொரு வருசம் படிக்க வைக்க ஏலாது, சொல்லிட்டேன்." ருக்குமணியக்கா வழியனுப்ப வந்து, இரண்டு ரோல் ஆரோ ஸ்டிக்கரைக் கையில் திணித்தார். நோட்டுத் திருத்த உதவும் என்று நானும் சந்தோஷமாகப் பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

அந்தப் பள்ளியின் வாசனை நனைந்த கம்பளி வாசனை. காலையில் பிள்ளைகள் ஈரக் கோட்டுகளை வரிசையாக மாட்டிவிட்டுப் போவார்கள். அந்த நடைக்குள் நுழைந்தாலே எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிடும். வகுப்பாசிரியை கரோல். அங்கே ஆசிரியையைப் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும் என்றார்கள். முதல் வாரம் முழுக்க நான் அவரை எந்தப் பெயராலும் கூப்பிடாமலே சமாளித்தேன். வேகமாக நடப்பார், வேகமாகப் பேசுவார், என் ஆங்கிலத்துக்காக மட்டும் நின்று காத்திருப்பார்.

இரண்டாவது வாரம் கணக்கு நோட்டுகளைத் திருத்தும் வேலை எனக்கு வந்தது. விடுவேனா? ருக்குமணியக்கா பார்த்தால் பெருமைப்படும்படி ஒவ்வொரு தப்புக்கும் ஓர் ஆரோ ஒட்டினேன். நேராக, சுத்தமாக, தப்பின் கழுத்தில் கை வைத்த மாதிரி. டாம் என்ற பையனின் நோட்டில் மட்டும் பதினான்கு. ஹன்னா என்ற சிறுமி இருபதுக்கு இருபது சரியாகப் போட்டிருந்தாள். அவள் நோட்டில் ஒன்றும் ஒட்டாமல் மூடி வைத்தேன்.

மறுநாள் நோட்டைக் கொடுத்தேன். வகுப்பு முகம் தொங்கும் என்று எதிர்பார்த்தேன். ஒரே கூச்சல், கொண்டாட்டம்! பிள்ளைகள் ஆரோக்களைப் பிய்த்துத் தங்கள் மார்பில் ஒட்டிக்கொண்டார்கள். டாம் பதினான்கையும் சட்டையில் வரிசையாக ஒட்டிக்கொண்டு, பதக்கம் குத்திய ராணுவத் தளபதி மாதிரி வகுப்பைச் சுற்றி வந்தான். ஹன்னா தன் நோட்டை முன்னும் பின்னும் புரட்டினாள். ஒவ்வொரு தாளாகப் பார்த்தாள். பிறகு மூடி வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்துகொண்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

அடுத்த நாள் கணக்கில் ஹன்னாவுக்கு இருபதும் தப்பு. ஒவ்வொரு விடையும் சரியான விடையைவிட ஒன்று கூடுதல். இவ்வளவு ஒழுங்காகத் தப்புச் செய்யக் கணக்கு எவ்வளவு நன்றாகத் தெரிந்திருக்க வேண்டும், பாருங்கள். நோட்டை நீட்டும்போது அவள் கண் என் கையிலிருந்த ஸ்டிக்கர் ரோலில் இருந்தது.

அன்று பிற்பகல் கரோல் என்னைத் தனியே கூப்பிட்டார். ஹன்னாவின் அம்மா வந்திருந்தாராம். எல்லோருக்கும் கிடைத்த பரிசு தன் மகளுக்கு மட்டும் ஏன் கிடைக்கவில்லை, அவள் என்ன தப்புச் செய்தாள் என்று கேட்டாராம். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. அந்த ஊர்ப் பள்ளிகளில் ஸ்டிக்கர் என்றால் பரிசு. நன்றாகச் செய்த பிள்ளைக்கு நட்சத்திரம், சிரித்த முகம் என்று ஒட்டுவார்கள். நான் போய் அதிகம் தப்புச் செய்தவனுக்கு அதிகப் பரிசு கொடுத்திருக்கிறேன். கரோல் திட்டவில்லை. "வெள்ளிக்கிழமை உன் வகுப்பைப் பார்த்து மதிப்பெண் போடப் பயிற்சிக் கல்லூரியிலிருந்து வருகிறார்கள். அதற்குள் நீயே சரிசெய்துவிடு" என்று மட்டும் சொன்னார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை. அவருக்கும் தெரியவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

அந்த இரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. சோறும் அங்கே கிடைக்கவில்லை, அது வேறு விஷயம். கண்ணை மூடினால் செக்கிங் டேபிளின் டியூப்லைட் தெரிந்தது.

வெள்ளிக்கிழமை, மதிப்பிட வந்தவர் ஓர் உயரமான மனிதர். குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு, முழங்கால் மோவாயைத் தொட, பிள்ளைகளின் குட்டி நாற்காலியில் உட்கார்ந்தார். நான் எழுதி வைத்திருந்த பாடத் திட்டத்தை ஓரமாக வைத்தேன். வேறு வழி தெரியாமல் என் டீ-ஷர்ட் ஒன்றை மேசையில் விரித்தேன். எங்கள் ஊரில் இதைத்தான் தைக்கிறோம், இப்படித்தான் தடவிப் பார்ப்போம் என்று செய்து காட்டினேன். ஒரு மூலையில் தையலைப் பிரித்து, அங்கே ஓர் ஆரோ ஒட்டினேன். "இது பரிசு இல்லை. இங்கே ஒரு கோளாறு இருக்கிறது, திரும்பிப் போய்ச் சரிசெய் என்று அர்த்தம். எனக்கு உங்கள் வழக்கம் தெரியாது. தப்பு என்னுடையது" என்றேன். அப்படியே ஓர் ஆரோவை எடுத்து என் கழுத்திலேயே ஒட்டிக்கொண்டேன். பிள்ளைகள் சிரித்தார்கள். டாம் மட்டும் தன் பதினான்கையும் நினைத்துக் கொஞ்சம் யோசனையில் ஆழ்ந்த மாதிரி இருந்தது.

தப்பித்தோம் என்று மூச்சு விடப்போகும்போது ஹன்னா கையைத் தூக்கினாள்.

"அப்போ நல்ல சட்டைக்கு என்ன ஒட்டுவீர்கள்?"

"ஒன்றும் ஒட்ட மாட்டோம். பெட்டியில் வைத்துவிடுவோம்."

"அப்படியானால் அது நன்றாக இருக்கிறது என்று தைத்தவருக்கு எப்படித் தெரியும்?"

பதினேழாம் நம்பர் கட்டு கண்முன்னால் வந்து நின்றது. எத்தனை ஆயிரம் பனியன் அந்தக் கட்டுகளில் என் கை வழியாகச் சத்தமில்லாமல் பெட்டிக்குள் போயிருக்கும்! அம்மாவிடம் திரும்பி வந்ததெல்லாம் ஆரோ ஒட்டியவை மட்டும்தான். நன்றாக இருந்த ஒன்றைப் பற்றிக்கூட அவளுக்கு யாரும் எதுவும் சொன்னதில்லை. நானும் சொன்னதில்லை. குட்டி நாற்காலியில் இருந்தவர் பேனாவை எடுத்தார்.

"தெரியாது" என்றேன். "அவருக்குத் தெரிய வழியே இல்லை."

அவர் ஏதோ எழுதினார். என் கதை முடிந்தது என்று நினைத்துக்கொண்டேன்.

அவரும் கரோலும் பேசி முடிக்கும்வரை நான் கோட்டு மாட்டும் நடையில், ஈரக் கம்பளி வாசனைக்கு நடுவே நின்றேன். ஊருக்குப் போனதும் அம்மாவிடம் முதலில் எந்த வார்த்தையைச் சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தேன். கரோல் ஒரு தாளோடு வந்தார். அதையும் நான் செக்கிங் கண்ணோடுதான் படித்தேன். குரல் கடைசி வரிசைக்கு எட்டவில்லை. பலகையில் எழுத்து மேல்நோக்கி ஏறுகிறது. நேரம் கடந்துவிட்டது. தெரியாததைத் தெரியாது என்று பிள்ளைகளிடம் சொல்கிறார்.

"இந்தக் கடைசித் தப்பை நான் திருத்திக்கொள்கிறேன்" என்றேன். கரோல் விழுந்து விழுந்து சிரித்தார். "அது தப்பு இல்லை, பெண்ணே! பின்பக்கம் பார்." பின்பக்கம் தேர்ச்சி என்று போட்டிருந்தது. அங்கே மாட்டியிருந்த ஒரு சின்னக் கோட்டில் முகத்தைப் புதைத்துக்கொண்டு அழுதேன். யார் கோட்டோ, ஏற்கெனவே நனைந்துதான் இருந்தது.

மீதி வாரங்களில் சரியானதைக் கண்டுபிடிக்கப் பழகினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அது எவ்வளவு கஷ்டம்! டாமின் நோட்டில் பாராட்ட ஒன்றைத் தேடி ஒரு மாலை முழுக்கப் போயிற்று. கடைசியில் ஓரக்கோடு நேராகப் போட்டிருந்தான். அதைக் குறிப்பிட்டு ஒரு வரி எழுதினேன். அவன் அதை வகுப்பில் எல்லோருக்கும் இரண்டு தடவை வாசித்துக் காட்டினான்.

ஊருக்கு வந்ததும் பி.எட். முடிவு வரும்வரை மறுபடி டேபிளில்தான் நின்றேன். மூன்றாம் நாள் பதினேழாம் நம்பர் கட்டு வந்தது. ஒவ்வொன்றாகப் பார்த்தேன். ஒரு கோளாறு இல்லை. வழக்கம்போல் பெட்டிக்குத் தள்ளப் போன கை நின்றுவிட்டது. செக்கிங்காரர்கள் டெய்லர் லைனுக்குள் போகக்கூடாது, அது கம்பெனி விதி. நான் நடந்தேன்.

"ஏங் கண்ணு, எங்க போறே?" என்று ருக்குமணியக்கா பின்னாலேயே கத்தினார்.

அம்மாவின் மிஷின் பக்கத்தில் போய் நின்று, அந்த இரைச்சலில் காதருகே குனிந்து, "அம்மா, இந்தக் கட்டுல ஒரு கோளாறுகூட இல்லம்மா. அத்தனையும் அழகா இருக்கு" என்றேன்.

பீஸ் ரேட்டில், அதாவது எண்ணிக்கைக்குக் கூலி வாங்கித் தைப்பவர்கள் மிஷினை நிறுத்த மாட்டார்கள். தும்மல் வந்தால்கூடத் தைத்துக்கொண்டே தும்முவார்கள். அம்மாவின் கால் மிதியிலிருந்து எழுந்தது. என்னை ஏற இறங்கப் பார்த்தாள்.

"ஏட்டி, ஒனக்கு அங்க என்னமும் ஆயிட்டா?"

"ஒண்ணும் ஆகல. சொல்லணும்னு தோணுச்சு."

முந்தானையால் முகத்தைத் துடைத்தாள். வேர்வைதான் என்று அவள் சொன்னாள். "சரி, போ. ருக்கு பாக்குதா பாரு" என்று மறுபடி மிதித்தாள். அதற்குப் பிறகு நான் டேபிளில் நின்ற நாளெல்லாம் நல்ல கட்டு வந்தால் தூரத்திலிருந்து கையை ஆட்டுவேன். மற்ற டெய்லர்கள் கேலி பேசினார்கள். இரண்டு வாரத்தில் அவர்களும் தங்கள் கட்டுக்காக என் பக்கம் எட்டிப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்கள்.

அந்தக் கம்பெனி இப்போது ஒரு பர்னிச்சர் கடை. கல்லூரியிலிருந்து வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் வழக்கம் எனக்கு அடுத்த வருடமே நின்றுபோனது. ருக்குமணியக்கா குன்னத்தூரில் மகன் வீட்டோடு போய்விட்டார் என்று கேள்வி. நாங்கள் இருந்த லைன் வீடுகளை இடித்து மூன்று மாடி கட்டிவிட்டார்கள். அம்மா போய் நான்கு வருடம் ஆகிறது. ஆயுள் முழுக்கத் தைத்தவள். அது நன்றாக இருந்தது என்று அவளுக்குத் தெரியாமலே போயிருக்க வேண்டியது. எங்கோ ஒரு மழை ஊரில் ஏழு வயதுப் பிள்ளை ஒன்று கையைத் தூக்கிக் கேட்டதால் தெரிந்துகொண்டு போனாள். அந்தப் பிள்ளை அன்றைக்குப் பள்ளிக்கு வராமல் இருந்திருந்தால் என்று இன்னும் சில ராத்திரி நினைத்துக்கொள்கிறேன். அப்புறம், அப்பாடா, சொல்லிவிட்டேன் என்று மூச்சு வருகிறது.