அத்தையின் பெட்டிக்கு வந்த கறுப்பு ராணி

சாமளாபுரத்தில் தறிச் சத்தம் நின்றால் கரண்ட் போய்விட்டது என்று அர்த்தம். அந்த மத்தியானமும் அத்தையின் தறிக்குடோன், பக்கத்துக் குடோன், தெருக்கோடி வரை எல்லாம் ஒரே மூச்சில் அடங்கின. அந்த வெறுமைக்குள் ஒரு முனகல் கேட்டது. காய்ச்சலில் கிடப்பவர் போர்வைக்குள் முனகுவதுபோல, ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை.

"ஏனுங்கத்த, யாரோ அனத்தறாப்பல இருக்குதுங்க" என்றேன்.

அத்தை கொல்லைக்குப் போய், தென்னையடியில் இருந்த தேன்பெட்டிமேல் காதை வைத்தார். எத்தனை நாளாக அது அப்படி அனத்திக்கொண்டிருந்ததோ! தறி ஓடும்போது யாருக்குக் கேட்கும்?

திறந்து அடைகளைத் தூக்கிப் பார்த்தோம். முட்டை இல்லை, புழு இல்லை. ராணி இல்லை. ராணியை இழந்த கூட்டம்தான் அப்படி அனத்தும்.

தொண்ணூறுகளின் தொடக்கம் அது. தேனீக்களுக்கு ஒரு நோய் வந்து ஊர் ஊராகப் பெட்டிகள் காலியாகிக்கொண்டிருந்தன. புழுக்கள் அறைக்குள்ளேயே நீர்கோத்துச் செத்தன. அத்தை வரிசையாக வைத்திருந்த பெட்டிகளில் இந்த ஒன்றை மட்டும் நோய் தொடவில்லை. இந்தக் கூட்டத்தைப் பிரித்துப் பிரித்தே மீதிப் பெட்டிகளை நிரப்பிவிடலாம் என்று அவர் காத்திருந்தார்.

"இந்த வித்துப் போச்சுன்னா வேற வித்தே இல்ல கண்ணு" என்றார்.

சின்னப் புழு ஒன்றாவது இருந்திருந்தால் தேனீக்களே அதை ராணியாக வளர்த்திருக்கும். அதற்கும் வழியில்லை. வெளியிலிருந்துதான் ராணி வரவேண்டும்.

நான் கல்லூரியில் விலங்கியல் படித்துக்கொண்டிருந்தேன், லீவு. சும்மா உட்காரத் தெரியாத உடம்பு. மறுநாளே பஸ் மாறி மாறி மூலனூர் போனேன். முருங்கைத் தோட்டத்தில் பெட்டி வைத்திருந்த ஒருவர் அத்தைக்குப் பழக்கம். விரல் நீளக் கம்பிவலைக் கூண்டில் ஒரு ராணியை விட்டு, வாயைச் சர்க்கரையும் தேனும் பிசைந்த மாவால் அடைத்துக் கொடுத்தார். எங்கள் தேனீக்கள் சற்று மஞ்சள். இது கரித்துண்டு போலக் கறுப்பு. வழியெல்லாம் என் மடியில் 'பீ... பீ' என்று மெலிதாகக் கூவிக்கொண்டே வந்தது. பக்கத்து சீட்டு அம்மாள் என் மடியை உற்றுப் பார்த்துவிட்டு எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

வந்ததும் அத்தை கூண்டை வாங்கிக்கொண்டார். புது ராணி அடிபடாமல் இருக்க, பனியன் கம்பெனி கட்டிங் வேஸ்ட்டில் நல்ல வெள்ளையாகப் பார்த்து எடுத்துக் கூண்டின் பாதியைச் சுற்றினார். எங்கள் பக்கம் துடைக்க, கட்ட, பொத்த எல்லாவற்றுக்கும் அந்த வேஸ்ட்தான்.

மாமா எட்டிப் பார்த்தார். "ஏங்கண்ணு, ராணிக்குப் பட்டு கெடைக்கலியா? பனியன் போட்டு அனுப்பறா உங்கத்தை."

"உங்களுக்குத் தறிகிட்ட சோலி இல்லீங்களா? போங்க அக்கட்டால" என்றார் அத்தை.

கூண்டை இரண்டு அடைகளுக்கு நடுவில் தொங்கவிட்டோம். தேனீக்கள் மாவைத் தின்று தீர்ப்பதற்குள் புது ராணியின் வாடை பழகிவிடும். பிறகு அது வெளியே வந்தாலும் கொல்லாமல் ஏற்றுக்கொள்ளும்.

மறுநாள் திறந்தபோது கூண்டே தெரியவில்லை. ஒன்றின்மேல் ஒன்றாக இறுகிய தேனீக்கள்தான் தெரிந்தன, உள்ளங்கை கொள்ளாத உருண்டையாக. ஒன்றுகூடப் பறக்கவில்லை. கோழி இறகால் தள்ளினேன், நகரவில்லை. வலைக்கம்பியைக் கடித்துக்கொண்டிருந்தன. அந்த நடுக்கம் இறகு வழியாக என் விரலுக்கு ஏறியது. உருண்டைக்குள்ளிருந்து 'பீ... பீ'.

"கொல்லப் பாக்குதுக. வெளிய வந்தா தீந்துச்சு" என்றார் அத்தை.

உதறி எடுத்துக் கூண்டை முகர்ந்தேன். பனியன் துணியை வெளுத்த பிளீச்சிங் நெடி. எங்களுக்கு அது காற்றோடு காற்று, மூக்கில் ஏறவே ஏறாது. தேன்மெழுகு மணத்துக்குப் பக்கத்தில் பிடித்ததால்தான் தெரிந்தது. அந்த நெடிக்கு அடியில் ராணியின் வாடை எங்கே எழும்?

துணியைப் பிய்த்தெறிந்தோம். அந்தப் பெட்டி அடையின் தேனையும் மெழுகையுமே வலைமேல் தேய்த்து, மாவைப் புதிதாக அடைத்து மறுபடி தொங்கவிட்டோம்.

பிறகு ஒரு சாயங்காலம் கரண்ட் போனது. இருவரும் கொல்லைக்கு ஓடினோம். முனகல் இல்லை. பெட்டியில் ஆளே இல்லாததுபோல் இருந்தது. மூடியைத் தொட அத்தைக்குக் கை வரவில்லை. நான் திறந்தேன். கூண்டு காலி. அடைமேல் கறுப்பு ராணி நடந்துகொண்டிருந்தது. அது போகும் பக்கமெல்லாம் அத்தனை தலைகளும் மெதுவாகத் திரும்பின.

அத்தை என் தோளைப் பிடித்துக்கொண்டு மூச்சுவிட்டார்.

அதன்பின் பெட்டி கனத்தது. வாசலில் கறுத்த தேனீக்கள் தென்பட ஆரம்பித்தன; முதலில் ஒன்றிரண்டு, பிறகு பாதிக்குப் பாதி. தேனீக்கு ஆயுசு சில வாரம்தான்; மஞ்சளானவை ஒவ்வொன்றாகப் பூவுக்குப் போய்த் திரும்பவில்லை, புதிதாகப் பிறந்ததெல்லாம் கறுப்பு ராணியின் பிள்ளைகள். யாரும் அவற்றைத் துரத்தவில்லை. பெட்டியடியில் செத்தும் கிடக்கவில்லை. அதே வாசல், அதே காவல், அதே இரைச்சல். அடுத்த லீவுக்கு நான் வந்தபோது மஞ்சள் ஒன்றுகூட இல்லை.

"அடை பூராக் கூட்டமுங்கத்த! எப்பப் பிரிக்கலாமுங்க?" என்று குதித்தேன்.

அத்தை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போன ஒரு கறுப்புத் தேனீ வெளியே வந்து, நின்று, மறுபடி உள்ளே போனது.

"நோய்க்குத் தப்புனதுக இதுக இல்ல கண்ணு" என்றார், பெட்டிக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. "அதுக ஊட்டுல ஆரோ குடியிருக்காங்க."

கடைசிவரை அவர் அந்தப் பெட்டியைப் பிரிக்கவே இல்லை.