சிவப்புத் தண்ணீர் விட்ட பம்பு

தரணிக்கு ஒரே ஒரு வார்த்தை ஆகாது: 'மாத்திருங்க.' முதலிபாளையத்தில் மோட்டார் பட்டறை வைத்துப் பதினெட்டு வருடமாகிறது. வீட்டு மிக்ஸியிலிருந்து சாயப்பட்டறைப் பம்பு வரை அவள் பிரித்துப் போடாதது இல்லை. கழற்றிப் பார்க்காமலே அந்த வார்த்தையைச் சொல்கிறவர்களைக் கண்டால் அவளுக்குச் சுர்ரென்று ஏறிவிடும்.

சேவூர்த் தோட்டத்தில் நீச்சல் குளம் கட்டியிருந்த பனியன் கம்பெனி முதலாளி சிவபிரகாஷ் அன்று அவளை வரச் சொல்லியிருந்தார். குளத்துப் பம்பு ஒழுகியது. ஏற்கெனவே பார்த்த ஆள் புதுசு வாங்கச் சொல்லிவிட்டுப் போயிருந்தான்.

"உள்ளார துருப் புடிச்சிருச்சுங்க அம்மிணி. தண்ணி எப்படிச் செகப்பா வருது பாருங்க. கம்மிச் செலவுல ஏதாச்சும் வழி இருக்குதுங்களா?"

"ஏனுங்கண்ணா, இது பூராவும் பிளாஸ்டிக்கு. துரு எங்கிருந்துங்க வரும்?"

தரணி பம்பின் வடிகட்டி மூடியைத் திருகித் திறந்தாள். ரப்பர் வளையம் இருக்க வேண்டிய பள்ளத்தில் சிவப்புப் பனியன் துணி முறுக்கித் திணிக்கப்பட்டிருந்தது.

"வளையம் அந்துபோச்சுங்க. கையில கெடச்சத வெச்சேன்," என்று சிவபிரகாஷ் நெளிந்தார். "நம்ம கம்பெனித் துணிதானுங்க. நல்ல ஸ்ட்ராங்கு."

தரணி சிரிப்பை அடக்கிக்கொண்டு, பையிலிருந்து புது ரப்பர் வளையத்தை எடுத்து, கிரீஸ் தடவிப் பொருத்தினாள். பம்பை ஓடவிட்டு நிறுத்தினாள். ஒரு சொட்டுகூட ஒழுகவில்லை.

"அப்பப் பம்ப மாத்த வேண்டாமுங்களா?" அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது.

தரணி அந்த ஈரத் துணியை அவர் உள்ளங்கையில் பிழிந்தாள். மருதாணி வைத்தாற்போல் கை சிவந்தது.

"பம்பு வேண்டாமுங்க. மொதல்ல உங்க சாயப்பட்டறைய மாத்திருங்க."