மேல்கண்மாய்க்குச் சொன்ன யோசனை

எண்பதுகளின் தொடக்கத்தில் மதுரையில் உயிரியல் ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தேன். பாசியை நத்தை தின்னும், நத்தையை மீன் தின்னும், மீனுக்குக் கண்மாய்த் தண்ணீர்தான் எல்லை. கீழ்ப்படியில் என்ன நடக்கலாம் என்பதை மேல்படிதான் தீர்மானிக்கும் என்பதே என் ஆய்வு. எழுமலைப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாயையும், அதற்கு மேற்கே மேட்டில் இருந்த கண்மாயையும் எடுத்துக்கொண்டேன். நாலு புத்தகம் படித்த திமிர் எனக்கு நிறையவே இருந்தது.

அண்ணனுக்கு எங்கள் கண்மாய்ப் பாசனத்தில் ஒன்றரை ஏக்கர். இரண்டு வருடமாக நெல் கருகி, நிலத்தை விற்றுவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தார்.

“பாப்பா, நீதான் படிச்சவ. இந்தக் கம்மாய நம்பி இன்னொரு வருசம் இருக்கலாமா?”

“வண்டல அள்ளுங்கண்ணே. ஆழம் கூடுனா தண்ணி நிக்கும். நான் சொல்றேன்ல, விக்காதீங்க” என்றேன்.

கோடை முழுக்க ஊரே மாட்டுவண்டியில் வண்டல் அள்ளி வயலில் கொட்டியது. அண்ணனுக்கு உள்ளங்கைத் தோல் உரிந்துபோனது. நான் அதோடு நின்றிருக்கலாம். மேல்கண்மாய்க்காரர்கள் இளநீர் வெட்டிக் கொடுத்து, “எங்களுக்கும் ஒரு யோசனை சொல்லுங்கம்மா” என்றார்கள். பெருமை தாங்கவில்லை. அதே யோசனையைச் சொன்னேன். அவர்கள் டிராக்டர் வைத்தே அள்ளினார்கள்.

மேல்கண்மாய் நிறைந்து மறுகால் பாய்ந்தால்தான் எங்கள் கண்மாய்க்குத் தண்ணீர். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விஷயம். என் நோட்டில் மட்டும் ஒவ்வொரு கண்மாயும் அதனதன் கரையோடு முடிந்துபோயிருந்தது. ஐப்பசியில் சுமாரான மழை. முன்பென்றால் அந்த மழைக்கே வழிந்து வந்திருக்கும் தண்ணீர், மேலே புதுப் பள்ளத்திலேயே தங்கிவிட்டது. எங்கள் நாற்று நாற்றங்காலிலேயே காய்ந்தது. மேல்படிதான் கீழ்ப்படியைத் தீர்மானிக்கும் என்று நான் படித்த பாடம் பொய்யில்லை, சரியாகவே இருந்தது. அதுதான் கொடுமை.

தை மாதம் அண்ணன் நிலத்தை விற்றார். பழங்காநத்தத்தில் ஒரு அரிசிக் கடையில் மூட்டை தூக்கப் போனார்.

ஒருநாள் மத்தியானம் அங்கே போய்ப் பார்த்தேன். டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, என்னைத் தேற்றுவதுபோல் பேசினார்.

“உன் மேல தப்பில்ல பாப்பா. மேக் கம்மாய்க்காரய்ங்களும் அம்புட்டு ஆழம் தோண்டிட்டாய்ங்க. அவய்ங்களுக்கு எவன் சொல்லிக் குடுத்தானோ, அவன் வெளங்கவே மாட்டான்.”



“தெரியலண்ணே” என்றேன். இன்றுவரை அவருக்கு நான் சொல்லியிருக்கும் பதில் அதுதான்.