வட்டம் போட்ட மானிட்டர்

இதைக் கதை என்று நினைத்தால் இங்கேயே நிறுத்திவிடுங்கள். இது நடந்தது. அதுவும் நடுராத்திரியில் இல்லை. பட்டப்பகலில், என் கடைக்குள்.

பழைய கம்ப்யூட்டர் மானிட்டர்களை வாங்கி, சோதித்து விற்பது எங்கள் பிழைப்பு. எங்கள் என்றால் நானும் என் தங்கை வீட்டுக்காரரும். மாப்பிள்ளை தூக்குவார், நான் சோதிப்பேன். பத்து வருஷமாகச் சுமந்து சுமந்து அவருக்கு இடது தோள் இறங்கிவிட்டது. "ஒரு பக்கம் காத்து இறங்குன வண்டி மாதிரி வர்றீங்க" என்று கிண்டல் செய்வேன். எனக்கென்று குடும்பம் கிடையாது. மாப்பிள்ளை, தங்கை, அவர்களுடைய நாலு வயதுப் பெண், நான். ஒரே வீடு.

அன்று, மூடிப்போன ஓர் அலுவலகத்திலிருந்து பதினான்கு மானிட்டர்கள் வந்தன. ஒன்றின் திரையில் மட்டும் மார்க்கரால் போட்ட வட்டங்கள். எரியாத புள்ளியை, அதாவது டெட் பிக்சலைக் கண்டால் சுற்றி வட்டம் போடுவது எங்கள் தொழிலில் பழக்கம்தான். ஆனால் இதில் மூன்று வரிசை. ஒவ்வொரு வரிசையும் மேலே கடுகளவில் தொடங்கி, பெரிதாகிக்கொண்டே வந்து கீழ் விளிம்பில் முடிந்தது. வட்டத்துக்குப் பக்கத்தில் மணி வேறு எழுதியிருந்தது. உள்ளே புள்ளி எதுவும் இல்லை.

"எவனோ வேலையத்தவன் பாத்த வேலை" என்றேன். ஸ்பிரிட் தொட்டு எல்லாவற்றையும் துடைத்தேன். என் கை சும்மா இருந்திருக்கக் கூடாதா...

11.40. திரையில் வெளிச்சம் கசிகிறதா என்று பார்க்க இருட்டு வேண்டும். ஷட்டரை இறக்கினேன். முதலில் வெள்ளைத் திரை போட்டேன். மேலே ஒரு கறுப்புப் புள்ளி. வட்டம் போட்டேன். பக்கத்தில் மணியையும் எழுதினேன். ஏன் எழுதினேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

11.52. புள்ளி வட்டத்துக்கு வெளியே இருந்தது. கீழே.

எரியாத புள்ளி நகரவே நகராது.

"மாப்ள, இங்க ஒரு புள்ளி தெரியுதா?"

"எங்க? பளிச்சுன்னுதானே இருக்கு. மொதல்ல கண்ணைக் காட்டுங்க மச்சான், டாக்டர்ட்ட."

சிரித்துக்கொண்டே பெட்டிகளை அடுக்கப் போனார்.

12.07. புள்ளிக்குக் கால்கள் இருந்தன.

நடந்து வந்தது. ரொம்பத் தூரத்திலிருந்து... இடது தோளைச் சாய்த்து...

ஐயோ! பிளக்கைப் பிடுங்கினேன். திரை அணைந்தது. அந்தக் கறுப்பில் அதே உருவம், வெள்ளையாக. நடை நிற்கவில்லை.

"மாப்ள, மத்தியானம் டெலிவரிக்குப் போகாதீங்க."

"ஏன்?"

"சொன்னா கேளுங்க. உக்காருங்க."

ஷட்டரை உள்பக்கமாகப் பூட்டினேன். சாவியைச் சட்டைப்பையில் போட்டேன். ரோட்டில்தான் ஏதோ நடக்கப்போகிறது, உள்ளே இருந்தால் தப்பிவிடுவார் என்று நினைத்தேன். என் புத்தி அவ்வளவுதான்.

டக்... டக்...

திரைக்குள்ளிருந்து காலடி.

12.31. முகம் தெரிந்தது.

12.33. கீழ் விளிம்பு.

தொம்!

பின்னால்... மாப்பிள்ளை, நாற்காலியோடு...

அவசரத்தில் பூட்டுக்குள் சாவி நுழையவே இல்லை. திறந்து, ஆள் கூப்பிட்டு, வண்டி பிடித்து... "ஹார்ட் அட்டாக். ஒரு பத்து நிமிஷம் முன்னாடி வந்திருந்தா காப்பாத்தியிருக்கலாம்" என்றார் டாக்டர்.

தங்கை ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "ஏண்ணா பூட்டுன?"



மூன்று வாரம் கழித்து அந்த அலுவலகத்துக் காவலாளிக்குப் போன் செய்தேன். வட்டம் போட்டது யார் என்று கேட்டேன்.

"அங்க கம்ப்யூட்டர் பாத்துக்கிட்டிருந்தவர் சார். ஒரே வருஷத்துல பொண்டாட்டி, ரெண்டு பசங்க, மூணு பேரும் போயிட்டாங்க. அவர் மட்டும் இருக்கார். இருக்கார்னு பேருக்குச் சொல்லிக்கலாம்."

மூன்று பேர். மூன்று வரிசை.

அந்த மானிட்டரைப் போன் பேசிய அன்றைக்கே அடித்து நொறுக்கினேன். நிம்மதி என்று சொல்ல முடியாது. ஆனாலும் வயிறு இருக்கிறதே. இன்று காலை மிச்சம் பதிமூன்றில் ஒன்றை எடுத்து வெள்ளைத் திரை போட்டேன்.

மணி 11.40.

மேலே இரண்டு புள்ளிகள். ஒன்று பெரிது, ஒன்று சின்னது. கைகோத்திருக்கிற மாதிரி தெரிகிறது.

நான் வட்டம் போடவில்லை. எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த தங்கையும் குழந்தையும் கடைக்குள், என் பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். கடைச் சாவி கையில் இருக்கிறது. இந்தத் தடவை பூட்டுவதா, திறந்து வைப்பதா... எனக்குத் தெரியவில்லை.