புதினாவுக்கு மீன் வளர்த்த வருஷம்

என் வீட்டுக்காரரின் கைகளைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால், நல்ல புத்தியுள்ள மனுஷர் ஒருவர் காலையும் மாலையும் மீன் தொட்டித் தண்ணீரை மொண்டு கருங்கல் ஜல்லியில் ஊற்றிக்கொண்டு நின்றது ஏன் என்று விளங்காது.

தாராவியில் அவருக்கும் அவருடைய அண்ணனுக்கும் சேர்த்து ஒரு தோல் பட்டறை இருந்தது. இருவரும் திருநெல்வேலிப் பக்கமிருந்து சின்ன வயதிலேயே பிழைக்க வந்தவர்கள். சுண்ணாம்புத் தண்ணீரிலும் பதனிடும் மருந்திலும் பகல் முழுக்கக் கை ஊறும். என் வீட்டுக்காரருக்கு விரல் இடுக்கெல்லாம் புண். சோற்றில் குழம்பை ஊற்றிப் பிசைந்தால் எரியும் என்று ஸ்பூனால் சாப்பிடுவார். கல்யாணமான புதிதில் நான் அதை நாகரிகம் என்று நினைத்து, ஊருக்குப் போனபோது என் உம்மாவிடம் பெருமை வேறு அடித்துக்கொண்டேன். டாக்டர் ஒரே வார்த்தையாகச் சொல்லிவிட்டார்: வேலையை விட்டால் கை பிழைக்கும், விடாவிட்டால் களிம்பு பூசுவது வீண் வேலை.

டிராம்பே பக்கம், கழிமுகத்தை ஒட்டி, அண்ணனும் தம்பியுமாகச் சேர்ந்து எப்போதோ வாங்கிப் போட்ட துண்டு நிலம் ஒன்று இருந்தது. பட்டறைக்குக் குடோன் கட்டலாம் என்று வாங்கியது, கட்டவில்லை. அங்கே ஒரு ஓட்டு வீட்டில் நாங்கள் குடியேறினோம். ஓர் எருமை, சில வெள்ளாடுகள், கொஞ்சம் கோழிகள். வழியனுப்பும்போது என் மச்சான், அதாவது அவருடைய அண்ணன், தம்பியிடம் சொன்னார்.

“போயிப் பாருலே. நோம்புப் பெருநாள் வரைக்கும் பாப்போம். சோத்துக்கு வழி வந்தா அங்கயே இரி. வரலேன்னா எடத்தக் குடுத்துட்டு பட்டறைக்கு வந்துரு. நானும் ஒத்தையில எத்தன நாளு கெடந்து மல்லுக்கட்ட?”

நியாயமான பேச்சுதான். ஆனாலும் அந்தக் கைகள் மறுபடியும் சுண்ணாம்புக் குழிக்குள் போவதை நினைத்தாலே எனக்குச் சோறு இறங்காது.

எருமை கறந்த பாலில் பாதி எருமையின் தீனிக்கே சரியாய்ப் போனது. கீரை போடலாம் என்றால் கிணற்றுத் தண்ணீர் உப்பு. விதைத்ததெல்லாம் முளைத்து, மஞ்சளாகி, எங்களைப் பார்த்துச் சிரித்துவிட்டுச் செத்தது. முனிசிபாலிட்டிக் குழாயில் காலையில் கொஞ்ச நேரம் நல்ல தண்ணீர் வரும். மனுஷரும் கால்நடையும் குடித்தது போக அதில் செடிக்கு என்ன மிஞ்சும்?

வழி காட்டியது, நம்பினால் நம்புங்கள், கொசு. மலேரியா காலத்தில் முனிசிபாலிட்டி ஆள் ஒருவர் வந்து, கொசுப்புழுவைத் தின்னட்டும் என்று எங்கள் தண்ணீர்த் தொட்டியில் ஒரு கை கப்பி மீன்களை விட்டுவிட்டுப் போனார். அந்தத் தொட்டியின் ஓட்டை வழியாகத் தண்ணீர் கசிந்து விழும் இடத்தில் நான் சும்மா கிள்ளிப் போட்டிருந்த புதினா ஒன்று இருந்தது. சில வாரத்தில் அது மட்டும் மதமதவென்று வளர்ந்து நின்றது. என் வீட்டுக்காரர் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து வெகு நேரம் யோசித்தார். அவர் யோசித்தால் எனக்குச் செலவு என்று அர்த்தம்.

பிறகு மாட்டுங்காவில் ஒரு நூலகத்துக்குப் போய் உட்கார ஆரம்பித்தார். மீன் கழிவு கலந்த தண்ணீரைக் கல்லில் ஊற்றிச் செடி வளர்க்கலாம், வடிகிற தண்ணீரைத் திரும்ப மீனுக்கே விடலாம், சுற்றிச் சுற்றி அதே தண்ணீர்தான் என்று எங்கோ படித்துக்கொண்டு வந்தார். இப்போது இதற்கு அக்வாபோனிக்ஸ் என்று பெரிய பெயர் இருக்கிறதாம். எங்களுக்கு அது மீன் தொட்டி, புதினாத் தொட்டி, அவ்வளவுதான்.

“மண்ணே இல்லாம கல்லுலயா? கல்லுல நாரு உரிக்கப் போறீயளாக்கும்,” என்றேன்.

“நாரு வேண்டாம், பொதினா போதும்,” என்றார்.

வாஷியில் கட்டடங்கள் எழும்பிக்கொண்டிருந்த காலம். அங்கே மிஞ்சிய ஜல்லியை ஒரு லாரிக்காரர் கொண்டுவந்து கொட்டினார். பட்டறையில் பழைய பீப்பாய்கள் எத்தனையோ சும்மா கிடந்தன. மருந்து ஊறிய பீப்பாய் ஆகாது என்று இவர் அதில் ஒன்றைக்கூடத் தொடவில்லை. சிமெண்டில் மீனுக்குத் தொட்டி கட்டினார். அதற்கு மேலே, இடுப்பு உயரத்தில், பலகைப் பெட்டிகளுக்குத் தார்ப்பாய் விரித்து ஜல்லி நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு வைத்தார். செம்பூர்ப் பக்கத்துக் குளத்தில் தூண்டில் போடுகிறவர்களிடம் சொல்லி வைத்து, பால் கேனில் ஜிலேபிக் கெண்டைக் குஞ்சுகள் வாங்கி வந்தார். மோட்டார் கிடையாது. வாளிதான் மோட்டார், என் வீட்டுக்காரர்தான் கரண்டு.

முதலில் எல்லாம் பாழாகிவிடும் போலிருந்தது. மீன்கள் சோர்ந்து மிதந்தன, இலைகள் வெளுத்தன, தண்ணீர் நாறியது. பிறகு ஜல்லியின் மேல் பச்சையும் பழுப்புமாக ஒரு வழுவழுப்பு படர்ந்தது. அது வந்த பிறகுதான் தண்ணீர் தெளிந்தது, நாற்றம் போனது, புதினா தலைதூக்கியது. அந்த வழுவழுப்புதான் மீன் கழிவைச் செடிக்கு உரமாக்குகிறது என்று இவர் சொன்னார். அவர் இன்னொன்றிலும் கண்டிப்பாக இருந்தார். குழாய்த் தண்ணீரில் கலக்கிற மருந்து மனுஷனுக்கு நல்லது, மீனுக்கு எமன். அதனால் பிடித்த தண்ணீரை எருமை குடிக்கிற தொட்டியில் ஊற்றி, ஒன்றிரண்டு நாள் வெயில் காட்டிய பிறகுதான் மீனுக்கு விடுவார். எருமையும் மீனும் ஒரே தண்ணீரைப் பங்கு போட்டன. கோழிக்குக் காட்டிய தவிடு மீனுக்கும் போனது, கழித்த புதினாத் தண்டு ஆட்டுக்குப் போனது. எதுவும் வீணாகவில்லை. அல்லாவுக்கு நான் அப்போது சொன்ன நன்றிக்கு அளவே இல்லை.

நோன்பு மாதம் நெருங்கியது. நோன்புக் கஞ்சிக்குப் புதினாவும் மல்லியும் வேண்டும். தாராவியில் மச்சான் வீட்டுத் தெருப் பள்ளிவாசலில் தினமும் அண்டா அண்டாவாகக் கஞ்சி காய்ச்சுவார்கள். அங்கே பேசி, மாதம் முழுக்க எங்கள் புதினாவையே எடுக்கும்படி ஏற்பாடு செய்தவர் மைனி. மைனி என்றால் மச்சானின் மனைவி. அந்த ஒரு மாதம் தவறாமல் கொடுத்துவிட்டால், பெருநாளன்று மச்சானிடம் சோற்றுக்கு வழி வந்தாயிற்று என்று தலைநிமிர்ந்து சொல்லலாம். தவறினால் என்ன என்பது எல்லோருக்கும் தெரியும்.

நோன்புக்கு முன்னால் வீட்டைக் கழுவி விடுவது எங்கள் வழக்கம். எனக்கு ஒத்தாசையாக மைனி தாராவியிலிருந்து ஒரு சாயங்காலம் வந்து இறங்கினார். மறுநாள் காலை, குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில், மைனியை வீட்டில் விட்டுவிட்டு, நானும் என் வீட்டுக்காரரும் தவிடும் பிண்ணாக்கும் வாங்க செம்பூருக்கு பஸ் ஏறினோம்.

தாராவிப் பெண்களுக்கு என்று ஒரு சட்டம் உண்டு. குழாய் வந்துவிட்டால் நேற்றைய தண்ணீர் தண்ணீரே அல்ல. குடம், டிரம், போணி அத்தனையையும் கவிழ்த்துத் தேய்த்துப் புதுத் தண்ணீர் பிடிப்பார்கள். நாளைக்கு வருமோ வராதோ என்ற ஊரில் அதுதான் குடும்பம் நடத்தும் லட்சணம். மைனி அந்தக் கலையில் ராணி.

நாங்கள் திரும்பி வந்தபோது ஜல்லி பளபளவென்று மின்னியது. மைனி புதினாவைப் பக்குவமாகப் பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றி வைத்துவிட்டு, கல்லைச் சலவைச் சோடா போட்டுத் தேய்த்து அலசிப் பரப்பியிருந்தார். மீன்களை ஒரு அண்டாவில் விட்டு, தொட்டியைக் கழுவி, குழாய்த் தண்ணீரை நிரப்பி, மீன்களைத் திரும்ப அதில் விட்டிருந்தார். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன. சில ஏற்கெனவே புரண்டுவிட்டன.

“எம்புட்டு அழுக்கு புள்ள,” என்றார் மைனி, முந்தானையில் கையைத் துடைத்தபடி. “கல்லெல்லாம் ஒரே சளி. இப்பப் பாரு, சாஃப்.”

என் வீட்டுக்காரர் தொட்டி ஓரம் குந்தி, புரண்ட மீன்களைப் பொறுக்கினார். அவர் பேசாததையும் சேர்த்து நான் பேசினேன்.

“மச்சான் சொல்லி விட்டாவளா மைனி? இது அழிஞ்சா இவுஹ பட்டறைக்கு வந்துருவாஹன்னு கணக்குப் போட்டு வந்தீயளா?”

சொன்னதற்காக நான் பிறகும் வருத்தப்படவில்லை. என் இடத்தில் யார் இருந்தாலும் கேட்டிருப்பார்கள். மைனியின் முகம் மட்டும் வெளுத்துப் போயிற்று. “என்ன செய்யணும் தம்பி? சொல்லு,” என்று என் வீட்டுக்காரரைப் பார்த்துக் கேட்டார்.

அந்த வீட்டில் மைனியின் கை படாத தண்ணீர் இருந்தது ஒரே இடத்தில்தான்: எருமைத் தொட்டி. மைனிக்கு எருமை என்றால் பயம். அது அங்கேயே கட்டிக் கிடந்ததால் கிட்டப் போகவில்லை. வெயில் கண்ட பழைய தண்ணீர் அதில் பாதிக்கு மேல் இருந்தது. நான் எருமையை அவிழ்த்து இழுத்துப் போனேன். இவர் மீன்களைக் கூடையில் அள்ளி அதற்குள் விட்டார். ஒரு பெட்டிக்குச் சோடா போதாமல் மைனி அதை மட்டும் தேய்க்காமல் விட்டிருந்தார். மற்ற கல்லைச் சோடா போக அலசிவிட்டு, அந்த வழுவழுப்புக் கல்லை எல்லாப் பெட்டிக்கும் பிரித்துப் போட்டோம். சாக்கில் இருந்த புதினாவைத் திரும்ப ஊன்றினோம்.

அத்தனை மீனுக்கும் அந்தத் தண்ணீர் போதாது, மீதிக்கு என்ன செய்வது? குழாய்த் தண்ணீரை வெயில் காட்ட நேரமில்லை. மருந்து வாடை போகக் காற்றுப் பட்டாலும் போதும் என்று இவர் சொன்னதும், மைனி இரண்டு போணிகளை எடுத்துக்கொண்டு தொட்டி ஓரம் நின்றார். டீக்கடையில் டீ ஆற்றுவது போல, ஒன்றிலிருந்து ஒன்றுக்கு, தலைக்கு மேல் உயர்த்தி உயர்த்தி ஊற்றினார். ஆற்றியதைத் தொட்டியில் விட்டு, அடுத்ததை மொண்டார். தொழுகைக்குப் போனார், வந்தார், மறுபடி ஆற்றினார். சேலை முழுக்க நனைந்துவிட்டது. குடிக்கத் தண்ணீர் கிடைக்காத எருமை அன்று முழுக்க எங்களைத் திட்டிக்கொண்டே இருந்தது. என் கோபம் எப்போது போனது என்று எனக்கே தெரியவில்லை. நானும் இரண்டு போணிகளோடு மைனிக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன்.

கொஞ்சம் மீன்கள் செத்தன. பெரும்பாலானவை பிழைத்தன. புதினா இரண்டு மூன்று நாள் தலையைத் தொங்கப் போட்டுவிட்டுப் பிறகு நிமிர்ந்தது. மைனி தாராவி வீட்டுக்குத் திரும்பாமல் நோன்பு முழுக்க எங்களோடு இருந்தார். விடிகாலையில் கிள்ளி, ஈரத் துணியில் கட்டி, பஸ் பிடித்துத் தாராவிக்கு அவரே கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வருவார். ஒரு நாள் தவறவில்லை. அந்த மாதம் அந்தத் தெருவில் நோன்பு திறந்தவர்கள் எல்லோரும் குடித்த கஞ்சியில் எங்கள் மீன்களின் புண்ணியமும் இருந்தது. மைனிக்கு நான் பட்ட நன்றிக்கடனைச் சொல்லத் தெரியாமல், தினமும் அவருக்கு மட்டும் பாலை ஆடையோடு எடுத்து வைத்தேன்.

பெருநாள் தொழுகை முடிந்து மச்சான் வந்தார். புதுச் சட்டை, அத்தர் வாசனை. பிரியாணி ஆவதற்குள் தம்பி அவரைத் தொட்டியைப் பார்க்கக் கூட்டிப் போனார். நானும் மைனியும் பின்னால் போனோம். மீன்கள் தீனி என்று நினைத்து மேலே வந்தன. மச்சான் சட்டைக் கையை மடித்துவிட்டார். அப்போதுதான் அவருடைய கையை நான் சரியாகப் பார்த்தேன். தம்பி கையைவிட மோசம். இத்தனை வருஷம் தாராவியில் அவர்களோடு இருந்தும், என் வீட்டுக்காரரின் கையைத் தவிர வேறு கை எனக்குக் கண்ணில் படவே இல்லை.

அவர் தயங்கித் தயங்கிக் கையைத் தண்ணீருக்குள் விட்டார். பல்லைக் கடித்துக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் கடித்த பல்லை விட்டுவிட்டு, முழங்கை வரை இறக்கினார். மீன்கள் சுற்றி வந்து முகர்ந்தன. வெகு நேரம் கையை வெளியே எடுக்கவில்லை.

“எரியலயேலே,” என்றார் தம்பியிடம்.

மைனி என் பக்கம் திரும்பினார். கண் கலங்கியிருந்தது. மாதம் முழுக்க என்னிடம் கேட்காததை அப்போது கேட்டார்.

“இன்னொரு தொட்டி கட்ட இங்க எடம் இருக்கா புள்ள?”

“எருமைய மாத்திக் கட்டுனா இருக்கு மைனி,” என்றேன்.