எலிகியோவின் சொறிமீன்

கடலோர ஆராய்ச்சி நிலையத்தில் எர்மிலா பூட் வேலைக்குச் சேர்ந்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அடையாள அட்டையில் ‘ஈரப் பகுதி உதவியாளர்’ என்று போட்டிருக்கும். ஊரில் கேட்டால், சொறிமீனுக்குச் சோறு போடுகிறவள் என்பார்கள். ஊர் சொல்வதுதான் சரி. காலையில் இறால் பொடிக்குஞ்சுகளை வடிகட்டிக் கிண்ணம் கிண்ணமாகச் சொட்டு விடுவாள். மதியம் மிச்சத்தை உறிஞ்சி எடுப்பாள். திங்கள்கிழமை தோறும் பழைய கிண்ணத்துத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்டிவிட்டுப் புதுக் கிண்ணம் மாற்றுவாள். உலகத்தில் எங்கெங்கோ அச்சாகும் கட்டுரைகளின் கடைசி வரியில் அவளுக்கு ஒரு நன்றி இருக்கும். அதைப் படிக்க அவளுக்கு ஆங்கிலம் தெரியாது, படித்துச் சொல்ல யாருக்கும் நேரமும் கிடையாது.

அந்தக் கிண்ணங்களில் ஏழாம் எண்காரனைக் கொண்டுவந்தவன் அவள் தம்பி எலிகியோ. நிலையத்தில் முக்குளிப்பவனாக இருந்தான். பின்பக்கத்து அலையாத்திக் காட்டிலிருந்து ஒருநாள் அழுகின இலை ஒன்றை எடுத்துவந்து, “அக்கா, உனக்கு ஒரு பிள்ளை” என்று நீட்டினான். இலையில் கடுகளவு ஒரு தண்டு ஒட்டியிருந்தது. உச்சியில் வாய், வாயைச் சுற்றி மயிரிழைக் கைகள். பாலிப் என்பார்கள். அது வளர்ந்து சொறிமீனை, அதாவது ஜெல்லிமீனை, உதிர்க்கும். உதிர்ந்த மீன் தண்ணீருக்கடியில் தரையில் தலைகீழாகப் படுத்துக்கொண்டு, மூச்சு விடுவதுபோல் சுருங்கி விரியும்.

தலைமை ஆராய்ச்சியாளர் இகாசா அம்மா அந்த ஒற்றைப் பாலிப்பை வைத்தே காலத்தை ஓட்டினார். கண்ணுக்குத் தெரியாத நுண்பாசி ஒன்று அதன் வாய்வழியே போய் ஒரு செல்லுக்குள் குடியேறுகிறது. செல் அதை ஏன் செரித்து முடிக்காமல் வீட்டோடு வைத்துக்கொள்கிறது? பவளங்களும் பாசியோடு இப்படித்தான் குடித்தனம் நடத்துகின்றன, அது முறிந்தால் வெளுத்துச் சாகின்றன. பல கோடி வருஷத்துக்கு முன் சொறிமீனும் பவளமும் ஒரே தாய்வழி. இதெல்லாம் எர்மிலாவுக்குக் கேட்டுக் கேட்டே பாடம். அவள் மனதில் தங்கியது வேறு ஒன்று. அந்தப் பாலிப்பின் இடுப்பில் சின்ன மொட்டு முளைக்கும், கழன்று நீந்திப் போய் வேறிடத்தில் ஒட்டிக்கொள்ளும். அது பிள்ளையில்லை, அதே ஆள்தான். ஆயிரம் ஆனாலும் அதே ஆள்.

இலையைக் கொடுத்த இரண்டாம் வருஷம், செப்டம்பரில், பவளத் திட்டுக்கு வெளியே மிதவை சரிசெய்யப் போன எலிகியோ திரும்பவில்லை. உடம்பும் கிடைக்கவில்லை.

அடுத்த மாதக் கடைசியில், செத்தவர்களின் ஆத்மாக்கள் வீட்டுக்குச் சாப்பிட வரும் நாட்கள். எங்கள் பக்கத்தில் அதற்கு முன் வீட்டைக் கழுவித் துடைத்துவிட வேண்டும். அழுக்கு கிடந்தால் வருகிற ஆத்மா உட்கார்ந்து சாப்பிடாமல் துணி துவைக்கவும் தரை துடைக்கவும் போய்விடும். செத்தும் வேலையா? தம்பி வீட்டுக்கு வராவிட்டாலும் லேபுக்கு வருவான் என்று எர்மிலாவுக்கு உறுதி. அவன் பாதி நாள் அங்கேதான் கிடந்தான். அதனால் குளோரின் தண்ணீரில் அலமாரி, தரை, மாற்றுக் கிண்ணங்கள் எல்லாவற்றையும் தேய்த்துப் பளபளவென்று வைத்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். அழுகிற அவசரத்தில் கிண்ணங்களைச் சரியாக அலசவில்லை. அன்று திங்கள்கிழமை. ஏழாம் எண்காரன் மொத்தத்தையும் அந்தக் கிண்ணங்களுக்கு மாற்றினாள். மத்தியானத்துக்குள் கைகள் சுருங்கி, தண்டு கரைந்து, வெண்சளி போல மிதந்தன. ஒன்றுகூட மிச்சமில்லை.

தம்பிக்காகச் சுத்தம் செய்து தம்பியையே கழுவி ஊற்றிவிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டாள். மறுநாள் காலையில் பின்பக்கத்துக் காட்டுக்குள் இறங்கி, ஒரு இலையில் ஒட்டியிருந்த பாலிப் ஒன்றைக் கொண்டுவந்து அதே கிண்ணத்தில் விட்டாள். யாரிடமும் மூச்சு விடவில்லை. கிண்ணம் மறுபடி நிறைந்தது.

இகாசாவை ஏமாற்றியதுகூட அவளை அவ்வளவு அரிக்கவில்லை. எலிகியோவின் மனைவி சொக்கோரோதான் அரித்தாள். போய் உட்காரப் புருஷனுக்குக் கல்லறை இல்லாததால், வருஷா வருஷம் ஆத்மாக்கள் வரும் நாளில் அவள் லேபுக்கு வந்து கண்ணாடித் தொட்டி முன்னால் உட்காருவாள். சுருங்கி விரியும் மீனைப் பார்த்து, “தூங்குறப்ப அவர் மூச்சு இப்படித்தான் மதினி, இழுத்து இழுத்து வரும்” என்பாள். பக்கத்தில் நிற்கும் எர்மிலா மூக்கைச் சிந்துவாள். வேற்று மீன் ஒன்று தன் தம்பியின் மூச்சை விட்டுக்கொண்டிருந்தது. பிறகு மற்ற நாட்களிலும் அந்தச் சுருக்கமும் விரிவும் அவளைப் பார்த்துத்தான் என்று தோன்ற ஆரம்பித்தது. தொட்டிக்கு முதுகைக் காட்டி வேலை செய்யப் பழகிக்கொண்டாள்.

பத்து வருஷம் இப்படிப் போனது. இந்த செப்டம்பரில் இகாசா உற்சாகமாக வந்தார். “எர்மிலாம்மா, உங்க தம்பி கொண்டாந்தப்பவே ஒரு துளி எடுத்து உறையவெச்சேனே, ஞாபகமிருக்கா? அதையும் இப்ப இருக்கறதையும் டி.என்.ஏ. படிக்க அனுப்பிட்டேன். ஒரே உடம்பு, இத்தனை வருஷத்துல எத்தனை எழுத்து மாறியிருக்குன்னு பாத்துடலாம்.”

எர்மிலா மனதுக்குள் கணக்குப் போட்டாள். முடிவு வரும், குட்டு உடையும், சொக்கோரோ அதை ஊர் வாயால் கேட்பாள். அதற்கு முன் தன் வாயால் சொல்லிவிடுவது என்று தீர்மானித்து, அக்டோபர் கடைசி நாள் அவள் வீட்டுக்குப் போனாள். கொல்லையில் சொக்கோரோ, ஆத்மாக்களுக்கான பிப் என்கிற சோளமாவுப் பலகாரத்தை வாழையிலையில் சுற்றித் தணல் குழியில் வைத்து மண் தள்ளிக்கொண்டிருந்தாள்.

“இந்த வருஷம் லேபுக்கு வராத, சொக்கோரோ.”

“ஏன் மதினி, பூட்டு மாத்திட்டாங்களா?”

“அது எலிகியோ கொண்டாந்தது இல்ல. அது அவன் போன வருஷமே செத்துப்போச்சு. நான்தான் குளோரின்ல கொன்னேன். இது காட்டுலேருந்து நான் புடிச்சுப் போட்டது.”

சொக்கோரோ மண்ணை நிரவுவதை நிறுத்தவில்லை. குழி மூடியபிறகுதான் நிமிர்ந்தாள். “அப்ப பத்து வருஷமா நான் யாருகிட்ட பேசிட்டு இருந்தேன்? போன வருஷம் மக கல்யாணத்தச் சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னு மூக்கச் சிந்திட்டு இருந்தீங்களே!”

“பயந்துட்டேன், தாயி.”

“கெளம்புங்க. பிப் வெந்தா ஒரு துண்டு குடுத்தனுப்புறேன். நீங்க வராதீங்க.”

துண்டு வரவில்லை. அந்த வருஷம் தொட்டி முன்னால் யாரும் உட்காரவும் இல்லை.

நான்கு நாள் கழித்து இகாசா காகிதத்தோடு வந்தார். “ரெண்டும் ஒண்ணு. அங்கங்க சில எழுத்து மாறியிருக்கு, அவ்வளவுதான். அதே ஆள்.”

“தப்பு டாக்டரம்மா. அது எப்படி ஒண்ணாகும்? அதுதான் செத்துப்போச்சே!” என்று எர்மிலா கத்திவிட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டியிருந்தது.

இகாசாவின் முகம் வெளுத்துச் சிவந்தது. திட்டப்போகிறார் என்று எர்மிலா காத்திருந்தாள். அவர் கேட்டது வேறு. “திங்கக்கெழம கிண்ணத் தண்ணிய எங்க ஊத்துவீங்க?”

“கழுவுதொட்டியிலதான்.”

“அந்தத் தொட்டிக் குழாய் எங்க போகுது?”

இருவரும் பின்பக்கம் போய்ப் பார்த்தார்கள். குழாய் அலையாத்திக் காட்டுக்குள் வாய் திறந்திருந்தது. ஏழாம் எண்காரனின் மொட்டுகள் முதலிலிருந்தே வாராவாரம் அதன் வழியே நீந்திப் போயிருக்கின்றன. எர்மிலா அன்று இலையோடு திரும்பக் கொண்டுவந்தது அவனைத்தான். குழாயடி முழுக்கச் சொறிமீன்கள், உள்ளங்கையளவில் பழுப்பாக, தலைகீழாகப் படுத்துச் சுருங்கி விரிந்தன. எண்ணி மாளாது. “இந்த வெசயத்த நாம அப்புறம் பேசணும்,” என்று மட்டும் சொல்லிவிட்டு இகாசா உள்ளே போனார்.

எர்மிலாவுக்குச் சந்தோஷம் வரவில்லை. கொன்றுவிட்டேன் என்று பயந்தது ஒரு காலம். இப்போது, தன் கையாலேயே அவனை வாராவாரம் சாக்கடைக்கு அனுப்பியிருக்கிறோம், அவன் போகாமல் வாசலிலேயே படுத்திருந்திருக்கிறான் என்பது அதைவிடப் பெரிய பயமாக இருந்தது. ஆனாலும் சொக்கோரோவிடம் ஓடிப்போய், குழாயடியில் கண்டதையெல்லாம் சொன்னாள்.

சொக்கோரோ வாசலை விட்டு நகரவில்லை. “செத்துப்போச்சுன்னு நீங்கதான் சொன்னீங்க. இப்ப சாகலங்கறீங்க. அடுத்த வாரம் எலிகியோவே மீன் வித்துட்டு வர்றாருன்னு சொல்வீங்களோ?”

“டாக்டரம்மாகிட்டயே கேளு.”

“அவங்க உங்க கிண்ணத்தத்தான பாத்தாங்க? கிண்ணத்துல என்ன இருக்குன்னு இத்தனை வருஷம் அவங்களுக்குச் சொன்னது யாரு? நீங்கதான?”

எர்மிலா வந்த வழியே திரும்பினாள். கையில் உண்மை இருந்தும் அதை வாங்கிக்கொள்ள ஆள் இல்லாமல் போயிற்று. பத்து வருஷம் பொய்யை அழகாகக் கொடுத்தவளுக்கு இது நியாயம்தான் என்றும் அவளுக்குத் தெரிந்தது.

ஆத்மாக்கள் வந்து எட்டாம் நாள், அவை கிளம்பும் நாள். வழிக்குச் சாப்பாடு வைத்து அனுப்புவார்கள். திங்கள்கிழமையும்கூட. எர்மிலாவுக்குக் கிண்ணத் தண்ணீரைக் கழுவுதொட்டியில் கொட்ட மனம் வரவில்லை. வாளியில் சேர்த்துத் தூக்கிக்கொண்டு குழாயடிக்கு நடந்தாள்.

அலையாத்திக் கிளையில் ஒரு சுரைக்குடுக்கை தொங்கியது. விளிம்பில் பல்போன குடுக்கை. எலிகியோ கஞ்சி குடித்தது. கேட்க நாதியில்லாத ஆத்மாவுக்குத்தான் இப்படி வீட்டுக்கு வெளியே, கிளையில் சாப்பாடு கட்டுவார்கள். உள்ளே ஒரு துண்டு பிப் இருந்தது. கீழே, வேர்மேல், செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுச் சொக்கோரோ உட்கார்ந்திருந்தாள். நெடுநேரமாக இருக்கிறாள் போல, பாவாடை ஓரம் நனைந்திருந்தது.

எர்மிலா வாளியோடு நின்றாள். சொக்கோரோ திரும்பவில்லை. தண்ணீருக்குள் கிடந்த மீன்களைப் பார்த்தபடியே பேசினாள்.

“உங்க அக்கா வந்து நிக்கிறாங்க. மெதுவா ஊத்தச் சொல்லுங்க.”

எர்மிலா முழங்காலிட்டு வாளியைச் சாய்த்தாள். ஊற்றி முடிக்க வெகுநேரம் ஆயிற்று.